ஒரு மூடி விசுவாசம்

"பெரிய பாட்டிலா, சின்ன பாட்டிலா மாப்பிள்ளை?" என்று கேட்டார் பூச்சிமருந்துக் கடைக்காரர்.

"சின்னதே போதும் மச்சான். ஒரு மூடிதானே" என்றார் போதகர்.

போதகரின் மனைவி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, தன் அண்ணனையே வெறித்தாள். "உனக்கு என்ன ஆச்சுண்ணே? இவரு செடிக்கு அடிக்கவா வாங்குறாரு? நாளைக்குச் சபை முன்னாடி குடிக்கப்போறாரு!"

"தெரியும்மா. தெருவே பேசுது" என்றார் கடைக்காரர், ரசீதுப் புத்தகத்தைத் தேடியபடி.

அவள் பையிலிருந்து வேதத்தை எடுத்து விரித்தாள். நம்புகிறவன் நஞ்சைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லும் இடத்தில் பென்சில் கோடு இருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மிகப் பழைய பிரதிகளில் இந்தப் பகுதியே இல்லை என்றது அது.

"நூறு தடவை காட்டிட்டேண்ணே. பின்னாடி வந்த யாரோ சேர்த்திருக்கலாம்னு படிச்சவங்களே சந்தேகப்படுறாங்க. இதை நம்பியா உயிரை விடுறது?"

போதகர் கோபப்படவில்லை. "மேல இருக்கிறது ஆண்டவர் ஏவி எழுதினது. கீழ இருக்கிறது அச்சாபீஸ்காரன் எழுதினது. நான் யாரை நம்பட்டும்?"

"கோபுரத்து மேலருந்து குதின்னு பிசாசு சொன்னப்போ ஆண்டவரே குதிக்கலையே! கடவுளைச் சோதிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு?"

"நான் சோதிக்கலை. நம்புறேன்."

கையுறை போடாமல் எந்த மருந்தையும் தொடாத கடைக்காரர், அன்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை வெறுங்கையால் எடுத்து போதகரிடம் நீட்டினார்.

"நீயெல்லாம் என் கூடப் பொறந்தவனா?" என்று அழுதுகொண்டே தங்கை படியிறங்கினாள்.

மறுநாள் ஜெபக்கூடத்தில் யாரும் இருமக்கூட இல்லை. போதகர் ஒரு மூடி ஊற்றிக் குடித்தார், முகத்தைச் சுளித்தார், பிறகு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அவர் எழுந்து பாட ஆரம்பித்ததும் கூடமே கதறியது. எல்லோருக்கும் முன்னால் போய் மண்டியிட்டவள் அவர் மனைவிதான்.

வீட்டுக்கு வந்ததும் கடைக்காரர் தன் மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "கலர்த் தண்ணி. கொஞ்சம் கசப்புக்கு வயித்துவலி டானிக். அவ்வளவுதான்."

"உங்க தங்கச்சிகிட்டயாவது சொல்லித் தொலைங்களேன்."

"அவ வாயில எது நின்னிருக்கு? அவரு காதுக்குப் போனா, என்னையே பொய்யனாக்கிட்டீங்களேன்னு அன்னிக்கே அசலைக் குடிச்சுக் காட்டுவாரு."

"அப்போ அவரைக் காப்பாத்தினீங்களா, கெடுத்தீங்களான்னே எனக்குப் புரியலை" என்றாள் அவள். அவருக்கும் புரியவில்லை.

புதன்கிழமை தங்கை கடைக்கு வந்தாள். வேதத்தை விரித்துக் காட்டினாள். அடிக்குறிப்பின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தாள்.

"இந்த நாலு வரியை வச்சுக்கிட்டு அவரை எவ்வளவு பேசிட்டேன்! எனக்குத்தான் கண்ணு இல்லாம போச்சு. இந்த ஞாயித்துக்கிழமை நாங்க ஏழு பேர் குடிக்கிறோம்ணே. உன்கிட்ட சண்டை போட்டதுக்கு மன்னிச்சுரு."

"அம்மாடி, வேணாம்..."

"உனக்கு விசுவாசம் குறைச்சல். அதுக்கும் சேர்த்து ஜெபம் பண்றேன்" என்று சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். என்ன சொன்னாலும் யாராவது ஒருவர் அசலைக் குடிப்பார் என்று தோன்றியது.

அன்றே இன்னொரு பாட்டிலைத் தயார் செய்தார். மூடியை இறுக்கி, கவிழ்த்துப் பார்த்து, பழைய இடத்திலேயே வைத்தார். சனிக்கிழமை சரக்கு எடுக்க வெளியூர் போக வேண்டியிருந்தது. "அவ வந்தா இதைத்தான் குடுக்கணும், மறந்துடாதே" என்று மனைவியிடம் மூன்று முறை சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

ஞாயிறு காலை பஸ் தாமதம். நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஜெபக்கூடத்துக்கு நடந்தார். உள்ளே பாட்டு கேட்டது. அவரைப் பார்த்ததும் தங்கை வாசலுக்கு ஓடிவந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளே புழுக்கம்போல என்று நினைத்தார்.

"குடிச்சிட்டோம்ணே! ஏழு பேரும்!"

"பெரிய ஆளுதான் நீ" என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. "ரொம்பக் கசந்துச்சாக்கும்?"

"கசப்பா? இவருக்குப் போன வாரம் கசந்துச்சாம். எங்களுக்கு வாயெல்லாம் எரியுதுண்ணே."

"எரியுதா? உங்க அண்ணி குடுத்த பாட்டில்தானே?"

"நாங்க வர்றதுக்குள்ள அண்ணி கடையைப் பூட்டிட்டாங்க. அடுத்த தெருவுல வாங்கினோம்."