பஞ்சாலை வீட்டுத் தகரம்

"ஐயா, மண்டோரு உங்களத்தான் பார்க்கச் சொல்றாரு."

"நான் மண்டோரைத்தானே பார்க்கச் சொன்னேன்?"

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பஞ்சாலை தொப்பலா நனைஞ்சு நின்னா. எங்க ரப்பர் எஸ்டேட்டுல பால்வெட்டுறவ. வீட்டுக் கூரையில தகரம் இத்துப்போயி, அடுப்படியும் படுக்கிற இடமும் ஒரே தண்ணி. பிள்ளை பெத்த மகளைப் பச்சைக் குழந்தையோட மறுநாள் சிரம்பான் ஆஸ்பத்திரியிலேர்ந்து அந்த வீட்டுக்குத்தான் கூட்டிவரணும்.

"மண்டோரு கூரையப் பார்த்துச் சொன்னாத்தான் ஸ்டோருக்குச் சீட்டு எழுதுவேன்" என்றார் ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி திருநாவுக்கரசு.

"உங்க சீட்டு இல்லாம கூரையப் பார்க்க வரமாட்டேங்கிறாரே ஐயா."

"அப்ப அதையும் அவரையே போயிக் கேளு."

முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு மறுபடியும் மழையில நடந்தா.

தகரம் ஸ்டோர்ல அடுக்கிக் கிடந்துச்சு. விஷயம் அது இல்லை. மாரியம்மன் திருவிழாவுல முதல் மாலை யார் கழுத்துலங்கிற தகராறுல, பெரிய கிராணிக்கும் ஆளுங்களை வேலை வாங்குற மண்டோர் சன்னாசிக்கும் அந்த வருஷம் பேச்சுவார்த்தையே கிடையாது. நடுவுல மாட்டின சனம் நாயா அலைஞ்சுச்சு. நான் சின்னக் கிராணி. வாயைத் தொறந்தா என் சீட்டு கிழிஞ்சுடும்.

அன்னிக்கு ஆபீஸ்ல இன்னொரு தலைவலி. கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு.

தொண்ணூத்தொண்ணுல கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட்டுல கம்ப்யூட்டர்னா சும்மாவா? அடடா, அது ஒரு காலம்! செருப்பைக் கழட்டிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள போவோம். சரஸ்வதி பூசைக்கு அதுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. ஏர்கோன் குளிர்காத்து வாங்கவே ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே நுழைவோம். இப்ப என் சட்டைப் பையில கிடக்கிற போனுக்கு அந்த மரியாதையில கால்வாசிகூட வரலை.

பெரிய கிராணிக்கு அது மேல பைத்தியம். நீளமான கட்டளைக்கெல்லாம் நாமே குட்டிப் பேர் வெச்சுக்கலாம்னு எங்கேயோ கத்துக்கிட்டு வந்தார். 'பால்'னு அடிச்சா அன்னிக்கு இறங்கின ரப்பர் பால் எடை வரும். 'ஸ்டோர்'னு அடிச்சா சாமான் இருப்பு வரும். நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. மனுசன் சும்மா இருந்தாரா? 'பால்' ஓடுறதுக்கு முன்னால 'ஸ்டோரை'க் கூப்பிடுன்னு ஒண்ணு எழுதினார். 'ஸ்டோர்' ஓடுறதுக்கு முன்னால 'பாலை'க் கூப்பிடுன்னு இன்னொண்ணு எழுதினார். அவ்வளவுதான், பெட்டி விடாம ஓட ஆரம்பிச்சிடுச்சு. எதைத் தட்டினாலும் கேட்கலை.

ரிப்பேர் பார்க்க சிரம்பான் லோபாக்கிலிருந்து கண்ணம்மை வந்திருந்தா. கம்ப்யூட்டர் கடைக்காரரோட தங்கச்சி, செட்டியார் வீட்டுப் பொண்ணு, அதனால எங்க எல்லாருக்கும் 'ஆச்சி'. காலையிலேர்ந்து யாரோடயும் ஒரு வார்த்தை பேசலை. ஜன்னல்ல பஞ்சாலை அழுதப்பகூடத் தலையைத் தூக்கலை. டவுன்காரத் திமிரைப் பாருன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"என்னா ஆச்சி கோளாறு?" என்றார் பெரிய கிராணி.

"இது அதைக் கூப்பிடுது. அது இதைக் கூப்பிடுது. ரெண்டுல ஒண்ணுகூட வேலையை ஆரம்பிக்கலை."

பெரிய கிராணி விழுந்து விழுந்து சிரிச்சார். "மடப் பெட்டிலா இது! எங்க எஸ்டேட்டுல ஒரு மாடுகூட இப்படிச் சுத்தாது."

அவர் சிரிக்கும்போதே பஞ்சாலை திரும்பி வந்து ஜன்னல்ல நின்னா. "ஐயா, மண்டோரு..."

"இரு பஞ்சாலை, முக்கியமான வேலை நடக்குது."

கண்ணம்மை திரையிலிருந்து கண்ணை எடுக்கலை. "இதுக்கு ஒரு காவல் போட்டிருக்கேன். ஒரு தடவை கூப்பிட்ட பேரை அதே சுத்துல மறுபடி கூப்பிட்டா நின்னுடும். சோதிச்சுப் பார்க்க ரெண்டு குட்டிப் பேர் போட்டுக்கவா?"

"எதை வேணும்னாலும் போடுங்க ஆச்சி."

அந்த நேரம் பார்த்து தொரையும் உள்ளே வந்தார். தொரைன்னா எங்க மேனேஜர், மலாய்க்காரர். கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்தார்.

கண்ணம்மை ரெண்டு குட்டிப் பேர் வெச்சா. ஒண்ணு 'கிராணி', இன்னொண்ணு 'மண்டோர்'. கிராணி மண்டோரைக் கூப்பிடும், மண்டோர் கிராணியைக் கூப்பிடும். பொத்தானைத் தட்டினா. பெட்டி ஒரு சுத்து சுத்தி, டக்குன்னு நின்னுடுச்சு. திரையில மலாய்ல எழுத்து வந்துச்சு. தொரை அதைச் சத்தம் போட்டுப் படிச்சார்.

'பஞ்சாலை வீட்டுத் தகரம். கிராணியிடம் வந்து நின்றது. கிராணி முடித்துக் கொடுக்கவும்.'

பெரிய கிராணி முகத்துல ஈயாடலை.

"அப்புறம் என்ன, முடிச்சுக் குடுங்க" என்றார் தொரை.

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு தொரை, நான் மாட்டேன்னா சொல்வேன்?" மடமடன்னு சீட்டு எழுதி ஜன்னல் வழியா நீட்டினார். பஞ்சாலை அதைக் கொண்டுபோயிக் குடுத்து நடந்ததைச் சொன்னதும் மண்டோர் சன்னாசியும், "கம்ப்யூட்டர் சொன்னா சரிதான்லா"ன்னு தானே ஏணியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினார். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இறங்கி வரலை. பெட்டிக்குத்தான் இறங்கினாங்க. பொழுது சாயுறதுக்குள்ள புதுத் தகரம் ஏறிடுச்சு.

சாயங்காலம் கண்ணம்மைக்குக் குடை பிடிச்சுக்கிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். எனக்குச் சந்தோஷம் தாங்கலை.

"அந்தப் பெட்டிக்கு என்னா மூளை, ஆச்சி! நின்னதோட விடாம, யார் முடிக்கணும்னும் சொல்லிடுச்சே! நீங்க போட்ட காவல் பலே காவல்!"

கண்ணம்மை முன்னயும் பின்னயும் ஒரு தடவை பார்த்துக்கிட்டா. அன்னிக்கு முதல் தடவையா சிரிச்சா.

"காவலுக்கு நிறுத்த மட்டும்தாண்ணே தெரியும். அந்த வரியை நான்தான் அடிச்சு வெச்சேன்."