கடல்நீர்ப் பசி

கடல்நீரைக் குடிக்க வைக்கும் ஊசி போட்ட மறுநாளே பாம்பனில் எல்லோரும் கடல்நீரைச் சொம்பில் மொண்டு குடித்தார்கள். உடம்பின் செல்கள் உப்பை வெளியே தள்ளிவிடும், அந்த வேலைக்குச் சோறு கூடுதலாக வேண்டும் என்று நர்ஸ் சொன்னதைச் சகாயமேரி காதில் வாங்கவில்லை. இனித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டாம், அது போதும்.

சோறென்றாலே ஓடிவிடும் மகள் ஜெனிட்டாவுக்கு ஒரு வாய் ஊட்டத் தெருமுனைவரை துரத்திக்கொண்டு ஓடுகிறவள் சகாயமேரி. அன்று மகளே நான்காம் முறையாகத் தட்டை நீட்டினாள்.

"யம்மா, இன்னும் சோறு வையி."

பானையில் ஒரு பருக்கை இல்லை. சகாயமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"ரொசாரியக்கா! எம்புள்ள சோறு கேக்குறா! கொஞ்சம் இருந்தா குடுங்க!"

பக்கத்து வீட்டு ரொசாரி ஏற்கெனவே வாசலில்தான் நின்றாள், கையில் காலிக் கிண்ணத்தோடு.