அழகுமலை எங்கே?

“அழகுமலைங்க! அழகுமலை ஐயா! எங்க இருந்தாலும் பஸ்ஸுக்கு வந்துருங்க!”

நார்த்தாமலை அடிவாரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கைடு ரம்யா தொண்டை கிழியக் கத்தினாள். டூர் பஸ்ஸில் எல்லோரும் ஏறியாயிற்று. ஒரே ஒரு சீட் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அழகுமலையா? அது எங்கிட்டு இருக்கு? அதையும் இன்னைக்கே காட்டிருவீங்களா?” என்று முன்சீட்டு அம்மாள் ஆசையாகக் கேட்டாள்.

“அது மலை இல்லம்மா, ஆளு. அரிமளத்துல இருந்து தனியா வந்திருக்காருல்ல, அந்தப் பெரியவரு.”

முதலில் அவளும் மரியாதையாக “ஐயா” என்றுதான் கூப்பிட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் ஐயாதான். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவைவிட மூத்த மனிதரைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசியது. வேறு என்ன செய்ய?

கடைசியில், பஸ்ஸுக்குப் பக்கத்து ஆலமரத்தின் பின்னாலிருந்தே வேட்டியைத் தட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி நிதானமாக வந்தார் மனிதர்.

“சரியான செவிட்டுப் பெருசு!” என்று டிரைவர் நாகராசு தலையில் அடித்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் லேட்டாகி, பயணிகள் சண்டைக்கு வந்து, முதலாளி கார்முகில் ரம்யாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா வேற கைடு பாத்துக்குறேம்மா.” வரலாறு படித்துவிட்டு, ஜவுளிக்கடையில் கால் கடுக்க நின்ற பிறகு கிடைத்த வேலை இது.

குடுமியான்மலையிலும் அதே கூத்து. எல்லோரும் சங்கீதக் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஆயிரங்கால் மண்டபத்தில் ஏதோ ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்திய பிறகுதான் தரிசனம் தந்தார்.

பஸ் கிளம்பியதும் நாகராசு ரம்யா பக்கம் சாய்ந்து, “பெருசுக்கு வயிறு சரியில்ல போல. அதான் மறைவு தேடிக்கிட்டே இருக்கு” என்று முணுமுணுத்தார்.

“வயிறெல்லாம் நல்லாத்தாம்ப்பா இருக்கு!” என்று கடைசி சீட்டிலிருந்து குரல் வந்தது.

பஸ்ஸே சிரித்தது. ரம்யா மட்டும் மணியைப் பார்த்துக்கொண்டாள்.

திருமயத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கோட்டைக்கு ஏறினார்கள். சேதுபதி காலத்துக் கோட்டை, உச்சியில் பீரங்கி. சண்டைக் கதைகளையெல்லாம் சொல்லி முடித்து எல்லோரையும் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றினால், பழையபடி அந்தச் சீட் காலி.

“எங்கள வீட்டுல கொண்டுபோய் விடுவியா, இல்ல கோட்டைக்குக் காவல் வச்சிட்டுப் போகப்போறியாம்மா?” என்று ஒருவர் எகிறினார். இன்னொருவர் முதலாளிக்கே போன் போட்டுவிட்டார். கேட்டைப் பூட்டவேண்டும் என்று காவலாளி விசில் ஊதினார்.

போச்சு, வேலை போச்சு. அழுகையும் ஆத்திரமுமாகத் திரும்ப மேலே ஓடினாள் ரம்யா. “ஐயா!” என்றாள். “அழகுமலைங்க!” என்றாள். பதிலே இல்லை.

மேலே தண்ணீர் நிற்கும் சுனை ஒன்று இருப்பது நினைவுக்கு வந்ததும் ஆத்திரம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. பாவி மனுசன் தவறி விழுந்திருந்தால்?

“அழகுமலை! ஏ அழகுமலை!” மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

பீரங்கி மேடைக்குப் பின்னால் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

“எம்புட்டு நேரமாக் கத்துறேன்! காதுல விழுகலையாங்க?”

“விழுந்துச்சு. மொதத் தடவையே விழுந்துச்சு. காலையில இருந்து எல்லாமே விழுந்துச்சு.”

“அப்பறம் ஏங்க ஒரு கொரல் குடுக்கல? எனக்கு வேலையே போகப்போகுது!”

“தப்புத்தான். மொதலாளிகிட்ட நானே வந்து சொல்றேன்.” தலையைக் குனிந்துகொண்டார். “ஊருல நான் எல்லாருக்கும் ஐயா, பெரியப்பா, தாத்தா. பேரச் சொல்லிக் கூப்புட எங்க அக்கா ஒண்ணுதான் மிச்சமிருந்துச்சு. அதுவும் போன தையில போய்ச் சேந்துருச்சு.”

கீழே நாகராசு விடாமல் ஹார்ன் அடித்தார். ரம்யா தூக்கிவிடக் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

“கடைசியாக் கூப்புட்டியே, அதே மாதிரி இன்னும் ஒருக்கா கூப்புடு தாயி.”