பதினொன்று பத்து

காப்பீட்டு அலுவலக அறையில் மூன்று பேர் இருந்தோம். ஜன்னலோரக் கணினியில் புரோகிராமர் தனிஸ்லாஸ், எதிரே மேலாளர் குமுதவல்லி, அச்சு இயந்திரத்தை ஒட்டி நான். காப்பீடு எடுத்தவர் இறந்தால் வீட்டுக்குத் தானாகவே இரங்கல் கடிதம் அனுப்பும் பின்னணி வேலையை, கணினியில் ஓயாமல் ஓடும் நிரலாக, தனிஸ்லாஸ் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அமைத்திருந்தான். கடிதத்தின் வாசகம் என்னுடையது. இறப்புச் சான்றிதழ் பதிவாகும்வரை பெயர்கள் வரிசையில் காத்திருக்கும். சோதனைக்குத் தன் பெயரையே போட்டிருந்தான். “ஆயுசு கெட்டிப்பா உனக்கு” என்று அன்று மேலாளர் சிரித்தார்.

இன்று அந்தப் பெயர் வரிசையை விட்டு நகர்ந்தது.

“சான்றிதழ் ஏறியிருக்கு மேடம். யாரு ஏத்தினது?”

“நாங்க யாரும் தொடலையே. திறந்து பாரு.”

திறந்தான். இறந்த தேதி இன்று, நேரம் பதினொன்று பத்து. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஏழு.

“நான் இங்கதான சார் உக்காந்திருக்கேன்?” என்று என்னிடம் கேட்டான். நிரலை நிறுத்தக் கட்டளை கொடுத்தான். பின்னணி வேலை நிற்கவில்லை. என் பக்கத்தில் இயந்திரம் அவன் மனைவிக்கான கடிதத்தை அச்சடித்து, மடித்து, உறையிலிட்டு ஒட்டியது. நாங்கள் மூவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தபால் எடுக்க வந்தவர் உறையைப் பைக்குள் போட்டார்.

“இன்னைக்கு இது ஒண்ணுதானா?”

தனிஸ்லாஸின் கண் கடிகாரத்திலேயே இருந்தது: பதினொன்று ஒன்பது. அவர் படியிறங்கிப் போனார்.