காற்றில்லாத பந்து
கதக் நகரக் கல்லூரியின் கணினி அறை, இயற்பியல் செய்முறை வகுப்பு. நீலவ்வாவின் திரையில் பந்து எழும்பி, முப்பத்திரண்டாவது மீட்டரிலேயே விழுகிறது. "எல்லாருக்கும் நாப்பது வருது. உன் பந்து மட்டும் ரொட்டி தின்னாம வந்துச்சா?" ஹிரேமட் சார் அவளுடைய செய்முறை நோட்டைத் தள்ளிவிடுகிறார். அதில் அவர் கையெழுத்து விழாவிட்டால் நாளைக்குத் தேர்வில் உட்கார முடியாது. "காத்துத் தடையையும் சேத்திருக்கேன், சார். நம்மூர்ல காத்து இல்லாம ஏது?" "கேள்வியில காத்து இருக்கா?" அவரே மவுசைப் பிடுங்கிக் காற்றை எடுத்துவிடுகிறார். பந்து நாற்பதைத் தொடுகிறது. பின்வரிசை சிரிக்கிறது. சன்னலுக்கு வெளியே குன்று நெடுகக் காற்றாலைகள் கிறுகிறுவென்று சுற்றுகின்றன. நீலவ்வா நோட்டைத் தன் பக்கம் இழுக்கிறாள். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி நாற்பது என்று எழுதுகிறாள். அதற்குக் கீழே, 'காற்றை ஹிரேமட் சார் நிறுத்திவிட்டார்' என்றும் எழுதி, கையெழுத்துக்கு நீட்டுகிறாள்.