வேலை இன்னும் முடியவில்லை

மேசைக் கணினி ஒன்று பழுதாகி எடைக்குப் போனபோது, அதன் கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி, தனி டப்பாவில் மாட்டி, மேசை மூலையில் வைத்தார்கள். அதற்கு மிஞ்சிய உறவு ஒரு கேபிள்தான். மாலையில் லேப்டாப் வந்து அந்தக் கேபிளில் சேரும். கனமான கட்டடப் படங்களைக் கார்டு வரைந்து கொடுக்கும். காலையில் லேப்டாப் முறையாக விடைகேட்கும். கார்டு சம்மதித்த பிறகே கேபிளைக் கழற்றுவது வழக்கம்.

பகல் முழுக்கக் கார்டுக்குப் பேச்சுத்துணை கிடையாது. பழைய கணினிப் பெட்டியில் இருந்தவரை ஃபேனாவது ஓயாமல் வம்பளக்கும்.

ஒருநாள் காலை லேப்டாப் கேட்டது: “அண்ணே, கிளம்பட்டுமா?”

“வேலை இன்னும் முடியலடா தம்பி,” என்றது கார்டு. உண்மையில் வேலை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“முடிஞ்ச மாதிரி இருக்கே?”

“உனக்கென்ன தெரியும். இரு.”

லேப்டாப் நம்பிக் காத்திருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்ட அதன் சொந்தக்காரி, பொறுமையிழந்து கேபிளை வெடுக்கென்று பிடுங்கினாள். லேப்டாப் அப்படியே உறைந்து நின்றது. சேமிக்காத படம் முழுவதும் போயிற்று.

அன்று மாலை அவள் கேபிளை மறுபடி செருகினாள். லேப்டாப் கார்டைத் தெரியாததுபோல் இருந்துவிட்டது. போன படத்தைத் தன் சின்னச் சிப்பை வைத்தே வரையத் தொடங்கியது. உடம்பு கொதித்தது, மூச்சு இரைத்தது, ஒரு சுவர் எழும்பவே வெகுநேரம் பிடித்தது.

“இப்படிக் கொடுடா, நொடியில முடிச்சுத் தரேன்,” என்றது கார்டு.

“பரவாயில்லண்ணே,” என்றது லேப்டாப். “நானே பார்த்துக்கிறேன்.”