முள்புதரின் இந்தப் பக்கம்

"படுக்கையறை ஒண்ணு. ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. யாரோட போற, இஷ்பெல்?"

"முதல்ல பந்தைத் தேடு."

"யாரோடன்னு கேட்டேன்."

"உன் பந்தைக் காணோம், கிரெகர். குனிஞ்சு தேடு."

முள்புதரின் இந்தப் பக்கம், நடைபாதையில், நாயின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

ஒட்டுக்கேட்கவில்லை. கோல்ஃப் மைதானத்துக்குள்ளேயே போகிற அந்தப் பாதை ஊருக்குப் பொது. நாயோடு தினமும் வருவேன். கத்தினால் காதில் விழத்தானே செய்யும்.

பதினேழாம் குழி. காலையில் ஒரு சுற்று ஆடி முடித்து, இது மாலைச் சுற்று. ஓப்பன் என்கிற பெரிய போட்டிக்கு இங்கிருந்து மூன்று பேர் போகலாம். கிரெகர் கின்னியர் அப்போது மூன்றாவது இடத்தில் இருந்தான். பிசகில்லாமல் இரண்டு குழிகளை முடித்தால் போதும்.

வயது நாற்பத்திரண்டு. பத்தொன்பது வருடத் தொழில்முறை ஆட்டம். ஹாலந்தில் ஒருமுறை இரண்டாவது இடம்; அங்கே கொடுத்த வெள்ளித் தட்டில்தான் இஷ்பெல் எனக்கு ஷார்ட்பிரெட் பிஸ்கட் நீட்டுவாள். மற்ற வருடங்களில் பெரும்பாலும் மழை.

இந்த முறையும் இல்லையென்றால் மட்டையை விட்டுவிடுவேன் என்று பப்பில் அவனே சொன்னான். ஊர் முழுக்கத் தெரியும். நான் சொல்லித்தான்.

அவனோடு வாழ்ந்துகொண்டு, அவன் மட்டைப் பையைப் பதினோரு வருடமாகச் சுமப்பவள் இஷ்பெல். கையுறை நனைந்துவிட்டதென்று வேறு ஜோடி தேடி, பையின் பக்க அறைக்குள் கைவிட்டிருக்கிறான். கையில் வந்தது அபெர்டீன் நகரத்தில் ஒரு வீட்டுக்கான வாடகை ஒப்பந்தம். அவள் பெயரில். படித்த கையோடு அடித்த அடி, நேராக முள்புதருக்குள் போய்விட்டது. இவ்வளவும் அவர்கள் கத்தியதிலிருந்து நான் கோத்துக்கொண்டது.

தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாக அர்த்தம். ஓர் அடி தண்டனையோடு, பழைய இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும்.

நடுவர் டாலஸ் கைக்கடிகாரத்தோடு கடலைப் பார்த்து நின்றுகொண்டார். கூட ஆடிய இருவரும் வேறொரு புதரை மும்முரமாகக் கிளறினார்கள். பந்து அங்கே விழவில்லை என்று அவர்களுக்கும் தெரியும். ஒரு மரியாதைதான்.

"போர்ச்சுகல், கென்யா, எங்கெல்லாம் இந்தப் பையைத் தூக்கினேன்," என்றாள் இஷ்பெல். "கால்ல கொப்புளத்தோட. வலிக்குதான்னு ஒரு நாள் கேட்டிருப்பியா?"

"இந்த ஒண்ணு மட்டும் கெடைக்கட்டும். எல்லாம் மாறிடும்."

"ஹாலந்துலயும் இதையேதான் சொன்னே."

அவன் முழங்கை வரை முட்களுக்குள் விட்டுத் துழாவினான். மஞ்சள் பூக்களுக்கு நடுவே அந்தக் கை எனக்குத் தெரிந்தது. மணிக்கட்டில் ரத்தம். மூச்சு வாங்கியது அழுகை மாதிரி கேட்டது. அழுகையாகவே இருக்கலாம்.

"இன்னும் ஒரு நிமிஷம்," என்றார் டாலஸ், கடலைப் பார்த்து.

"இருந்துடு, இஷ்பெல். ஓப்பன்ல இடம் கெடைச்சா ஒரே ஒரு வருஷம் இரு. அப்புறம் யாரோட வேணா போ. கேட்க மாட்டேன்."



"சரி," என்றாள். "கெடைச்சா இருக்கேன்."

பையைக் கீழே போடும் சத்தம் கேட்டது. அவளும் மண்டியிட்டாள். இப்போது நான்கு கைகள் முட்களுக்குள்.

"நேரம் முடிஞ்சுது, கிரெகர்," என்றார் டாலஸ். "மன்னிச்சுக்கோப்பா."

ஒரே ஓர் அடியில் அவன் நான்காவது ஆனான்.

அந்தப் பந்து, அவர்கள் வருவதற்கு முன்பே புதரைத் தாண்டி உருண்டு வந்து, என் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. 'இங்கே' என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் 'யாரோட' என்று கேட்டுவிட்டான். பெயர் வரட்டும், கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நின்றேன். அவள் சரி என்றபோதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை நான் அங்கே நின்றது தெரிந்துவிடுமே.

செப்டம்பரில் இஷ்பெல் அபெர்டீனுக்குப் போனாள். அதே தெருவில் என் அக்கா இருக்கிறாள். ஆறு மாதம் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். ஒருத்தனும் வரவில்லை, போகவில்லை. மூன்று வருடம் கழித்துத்தான் இஷ்பெல், ஹெலிகாப்டர் பழுதுபார்க்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

கிரெகர் ஆர்க்னி தீவுக்குப் போய்விட்டான். அங்கே படகுத்துறையில் கார்களை வரிசையில் நிறுத்துகிறானாம்.

நானும் என் வீட்டை விற்றுவிட்டு மகளோடு கிளாஸ்கோவுக்கு வந்துவிட்டேன். முழங்கால் வலி என்று ஊரில் சொன்னேன். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவள் நான். நம்பினார்கள்.